பெண் பக்கத்து ஆள்

பாப்பாரப்பட்டிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. புளியமரங்கள் முடிந்து சாலை வெட்டவெளியில் ஏறுகிற இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும், வைகாசி வெயில். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கரை வைத்த வேட்டி, துண்டு, ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. பின்னால் பைக் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைதான். மாலையைக் கழற்றிவிட்டு, நெற்றிச் சந்தனத்தோடு அப்படியே வந்திருந்தார். "மச்சான், இந்த வெயில்ல நடந்து போவாதீங்க. ஏறுங்க, பஸ் ஏத்தி வுட்டுடறேன்" என்றார். தாலி கட்டிய அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டை விட்டு வரக்கூடாது, போய் உட்காருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நாற்பத்தேழு வயதுவரை என்னை யாரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிடும் உறவு எதுவும் எனக்கு இருந்ததில்லை. அன்று காலையில்தான் அது உண்டாகியிருந்தது.

நான் பல இடங்களிலிருந்து இப்படி நடந்து வெளியேறியவன். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பின் நடுவில் விட்டேன். பிறகு செங்கல் சூளை, பெங்களூரில் ஒரு பேக்கரி, ஆந்திராப் பக்கம் சுற்றிய போர்வெல் வண்டி, ஒகேனக்கல்லில் இரண்டு சீசன் மீன் கழுவுகிற வேலை. எங்கும் சண்டை போட்டுக்கொண்டு போனதில்லை. ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது போகலாம் என்று தோன்றும். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு வருடம் முழுதாக ஓரிடத்தில் இருந்தது தருமபுரி நாடகக் குழுவில் மட்டும்தான். அங்கே ஆறு வருடம் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், சோறு நன்றாகப் போடுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். டீச்சர் அங்கே இருந்தார் என்பதுதான் காரணம். அது தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு வருடமும் தேவைப்பட்டது.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. அரூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் சில காலம் ஆயா வேலை பார்த்தவர். ஒரே பெண். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார், அம்மா போனதும் இருந்த வீட்டைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். பால்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த குரலைக் கேட்டு யாரோ அவரை விழிப்புணர்வு நாடகத்துக்கு இழுத்துப்போனார்கள். அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் ஊர் ஊராக ஒரே கதையைத்தான் நடித்தார்கள். பெண் குழந்தை பிறந்தால் கொல்லாதீர்கள் என்கிற கதை. டீச்சர் பதினெட்டு வயதில், தாவணி கட்டிக்கொண்டு, மடியில் துணிப்பொம்மையை வைத்து அழுவாராம். அது முடிந்து பல ஆண்டுகள் கழித்து எங்கள் குழுவுக்கு வந்தார். ஒரு தடவை டெம்போவில் போகும்போது சொன்னார்: "பொட்டப் புள்ளைய வுட்டு வைங்கன்னு அப்ப நடிச்சோம். பொண்ணு கெடைக்கலன்னு இப்ப நடிக்கிறோம். ரெண்டுக்கும் அதே ஆளுங்கதான் கை தட்டறாங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கவில்லை. மேடைக்கு வெளியே அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் நாடகத்தின் பெயர் 'எப்பிரிவும் சம்மதம்'. இளம் வயதுக்காரர்களின் வரன் தாளில் சாதி, உட்பிரிவு, குலம் எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருக்கும். நாற்பது தாண்டியவர்களின் தாளில் மட்டும்தான் எப்பிரிவும் சம்மதம் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மேனேஜர் கதையைக் கட்டினார். ஒரு கல்யாண மண்டபத்தில் வரன் அறிமுகக் கூட்டம் நடக்கிறது. நாற்பது தாண்டிய நாலைந்து பேர் வருகிறார்கள். நெஞ்சில் டோக்கன் குத்திக்கொண்டு, மைக்கில் பேர், வயது, நட்சத்திரம், எதிர்பார்ப்பு சொல்ல வேண்டும். நான் நடித்த ஆள் தலைக்கு மை பூசிக்கொண்டு வருவான். ஒவ்வொரு பெண்ணிடமும் பேசும்போது ஒவ்வொரு வயது குறைத்துச் சொல்வான். நாற்பத்தாறில் ஆரம்பித்து முப்பத்திரண்டில் வந்து நிற்பான். வயது குறையக் குறைய வேர்க்கும், வேர்க்க வேர்க்க மை வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கும். அதற்காகவே தண்ணீரில் கரைகிற கரியைத்தான் பூசுவோம். முதலில் நான் ஆணி அடிக்கவும் திரை இழுக்கவும் சேர்ந்தவன். நடித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். வசனம் முழுக்க எனக்குத் தெரியும் என்று டீச்சர்தான் மேனேஜரிடம் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் வாயசைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

டீச்சருக்கு நாடகத்தில் டீச்சர் வேஷம், பெயர் அதிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. குடையும் கைப்பையுமாக வருவார். மைக்கைப் பிடித்து, "எனக்கு வர்றவருக்குச் சொந்த வூடு இருக்கணும், சொந்தக் காரு இருக்கணும், சொந்தப் பல்லு இருக்கணும்" என்பார். நான் முன்னால் ஓடி வந்து, "வூடு இல்லீங்க, காரு இல்லீங்க, பல்லு இருக்குதுங்க. அதுலயும் ரெண்டு ஆடுதுங்க" என்பேன். மாவட்டம் முழுக்க அந்த இடத்தில் சிரித்தார்கள். பாலக்கோட்டில் சிரித்தார்கள், பென்னாகரத்தில் சிரித்தார்கள். ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு. ஒரு வேலையைப் போல அது ஆகிவிட்டது. மேடையில் அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசிக்காத மாதிரி, அந்த வரியையும் யோசிக்காமல் சொல்வேன். டெம்போ மண்டபத்துக்கு வெளியே நிற்கும், பெட்டியை இறக்குவோம், கரியைப் பூசுவோம், வழியவிடுவோம், சட்டையைத் துவைப்போம். துவைத்தாலும் கழுத்துப்பட்டையில் சாம்பல் நிறம் தங்கிவிடும்.

நிஜமான வரன் அறிமுகக் கூட்டங்களுக்கே எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்குக் கூச்சம் தெளியும் என்பது அமைப்பாளர்களின் எண்ணம். நான் சொல்லப்போகும் கூட்டம் மொரப்பூரில் ஒரு மண்டபத்தில், சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தாமத வரன்களுக்கும் மறுமணத்துக்கும் மட்டுமான கூட்டம். காலையில் ஒரு பகுதி ஆட்கள் மேடையேறிச் சொல்லி முடிக்க வேண்டும், பிறகு எங்கள் நாடகம், சாப்பாடு, மதியம் மீதிப் பேர். நாங்கள் வேஷம் கட்டிக்கொண்டு மேடையின் ஓரத்தில் நின்றோம். டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறினார். புதுச் சட்டை, மடிப்புக் கலையாதது. கீழே முன் வரிசையில் அவருடைய அக்கா உட்கார்ந்து, பேசு பேசு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பாரப்பட்டி பக்கமுங்க. ரெண்டு ஏக்கரா. மாடு நாலு. ஆத்தா போன வருசம் போயிட்டாங்க. சோறு நானே ஆக்கிக்குவேன், அதுக்காவ யாரும் வர வேண்டியதில்லீங்க." அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கூட்டம் சிரித்தது. எங்கள் நாடகத்துக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் சிரிக்கவில்லை. "அதுக்காவ வர வேண்டியதில்லையாம்" என்று மெதுவாகச் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

பிறகு எங்கள் நாடகம் ஆரம்பித்தது. எப்போதும் போல ஓடியது. எனக்கு மை வழிந்தது. டீச்சர் குடையை மடக்கி மைக்குக்கு வந்தார். "வயசு நாப்பத்திமூணு" என்றார். நாடகத்தில் அது முப்பத்தொன்பது. எனக்குக் காது விடைத்துக்கொண்டது. "நட்சத்திரம் கேட்டை. பங்குனி மாசம் பொறந்தது. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் நட்சத்திரத்தக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க." கேட்டையில் பிறந்த பெண்ணைக் கட்டினால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். அது டீச்சரின் நிஜ நட்சத்திரம் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு வர்றவருக்கு அண்ணன் இருக்கக் கூடாது. வூடு வேணாம், காரு வேணாம். வந்தவரு நிக்கணும். போயிட்டே இருக்கக் கூடாது" என்றார். எனக்கு அண்ணன் கிடையாது. கூடப் பிறந்தவர்களே கிடையாது. அது அவருக்குத் தெரியும். நான் முன்னால் ஓடி வந்தேன். "வூடு இல்லீங்க, காரு இல்லீங்க, பல்லு இருக்குதுங்க. அதுலயும் ரெண்டு ஆடுதுங்க" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அவ்வளவு சிரிப்பு அந்த வரிக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

புரியாமல் சொன்னேனா, புரிந்துகொண்டே சொன்னேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் பேசி முடித்ததற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் தன் வேலையைப் பார்த்தது. ஒரே வசனத்தை நூற்றுக்கணக்கான தடவை சொன்னவனுக்கு வாய் தனி ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. இது சாக்குத்தான். ஆனால் நடந்ததும் அதுதான். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு, நாடகத்தில் உள்ளபடி, கோபமாக மேடையை விட்டுப் போனார். டெம்போவில் திரும்பும்போது அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மேனேஜர் மட்டும், "அந்த எடத்துல புதுசா என்னமோ சேத்தீங்களே டீச்சர், நல்லாருக்கு. அப்படியே வெச்சுக்கலாம்" என்றார்.

அந்தக் கூட்டத்தில் மைக்கில் பேசுகிறவர்களின் விவரத்தை எழுத, மேடையோரம் ஒரு பெரியவரை நோட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் நாடகம் ஆரம்பித்ததை அவர் கவனிக்கவில்லை. டோக்கன் பத்தொன்பது வராததால் காலியாக விட்டிருந்த வரிசையில் டீச்சரின் விவரத்தை எழுதிவிட்டார்: வயது நாற்பத்துமூன்று, கேட்டை, அண்ணன் இல்லாத வரன் தேவை. என் ஆடும் பற்களையும் அடுத்த வரிசையில் எழுதியிருந்தாராம். அதை யாரோ அடித்துவிட்டார்கள், டீச்சருடையதை விட்டுவிட்டார்கள். பட்டியல் நகல் எடுக்கப்பட்டு எல்லோர் வீட்டுக்கும் போனது.

நாலாம் நாள் காலையில் பாப்பாரப்பட்டிக்காரரின் அக்கா நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். தருமபுரியில் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி ஆலைதான் எங்கள் இருப்பிடம். பெண்களுக்கு முன்பக்க ஆபீஸ் அறை, எங்களுக்கு நெல் காயவைக்கிற களத்தை ஒட்டிய கொட்டகை. அந்த அம்மா பட்டியலை மடித்துக் கையில் வைத்திருந்தார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அது நாடகம்மா. அந்தம்மா நடிக்கிறாங்க." அக்கா அசையவில்லை. "கூட்டம் போட்டவங்களும் அதேதான் சொன்னாங்க. நாடகம்னா வயசக் கூட்டிச் சொல்லுவாங்க, கொறச்சுச் சொல்லுவாங்க. நாடகத்துக்காவ யாராச்சும் கேட்டைன்னு சொல்லுவாங்களா? பொய் சொல்றவ ரோகிணின்னு சொல்லிட்டுப் போறா" என்றார். மேனேஜருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் அறையிலிருந்து வெளியே வந்து, ஈரத் தலையோடு நின்றார். "கேட்டைதாங்க" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந் தம்பிக்கு அண்ணங்கிண்ணன் யாருமில்ல. நான் ஒருத்திதான், நானும் பொம்பள. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பிறகு களத்துக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாடகத்தில் நடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதியைக் கேட்டார், கேட்டுவிட்டு, "செரி, இந்த வயசுல அதப் பாத்து என்ன பண்றது" என்று தானே பதில் சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார்: "பொண்ணுக்கு வூடில்லாட்டிப் பரவால்ல. எங்க வூட்டுலயே தட்டு மாத்திக்கலாம். ஆனா பொண்ணு பக்கம் ஒக்கார ஒரு ஆம்பள ஆளு வேணும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் யாரக் கூப்புட்டுச் சொல்றது? ஆளே இல்லாத பொண்ணக் கூட்டியாந்தேன்னு ஊரு பேசக் கூடாது. அவளுக்கும் அது நல்லதில்ல."

டீச்சர் முதலில் மேனேஜரைத்தான் கேட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் டீச்சர் போனால் நாடகம் நின்றுவிடும். "நானே தட்ட மாத்தி உங்கள அனுப்பிட்டு, அப்பறம் நான் குடையப் புடிச்சுக்கிட்டு டீச்சரா நடிக்கிறதா?" என்று கேட்டார். மறுநாள் மத்தியானம் நான் களத்தில் உட்கார்ந்து சட்டைக் கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து எதிரில் கட்டையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி நான் வசனம் மறக்கல" என்றார்.

"தெரியுங்க டீச்சர்."

"தெரிஞ்சேதான் பல்லு ஆடுதுன்னு சொன்னீங்களா?"

"வாய் பழகிப்போச்சு."

அவர் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்த்ததில்லை. "நிக்கறதுக்கு எங்கிட்ட எடமில்லீங்க" என்றேன். "எடத்த யாரு கேட்டா? நிக்கறதத்தான் கேட்டேன்" என்றார். நான் சட்டையை அலசினேன். ஒரு தடவை அலசினால் போதும், மூன்று தடவை அலசினேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாம்பழக் காலத்தில் ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது போகத் தோன்றினால் என்ன செய்வது என்று பயந்தேன். ஒரு பெண்ணிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரும் அளவுக்கு யாரிடமும் தங்கியதில்லை. டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "செரி வுடுங்க. எனக்கு இப்ப ஒரு அண்ணன் வேணும். நீங்க என்னைய வுட நாலு வயசு பெரியவரு. வந்து ஒக்காருவீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. கடைக்குப் போகிறவரிடம் ஒரு பொருள் வாங்கி வரச் சொல்கிற மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

தட்டு மாற்றுவது என்பது பெரிய காரியம் இல்லை. இரண்டு பக்கமும் பாயில் எதிரெதிராக உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய் வைத்த தட்டை எழுந்து நின்று கை மாற்றிக்கொள்ள வேண்டும். மாறிய பிறகு பேச்சு மாறக்கூடாது. இரண்டு நிமிட வேலை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை பக்கம் எட்டுப் பேர் இருந்தார்கள். பெண் பக்கத்துப் பாயில் நானும் குழுவில் சமைக்கிற அம்மாவும் மட்டும். ஒரு பெரியவர், "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று முறைக்காகக் கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும், எல்லோர் காதிலும் விழ வேண்டும். மேடையில் எத்தனையோ பேருக்கு முன்னால் நின்று எத்தனையோ பொய் வயது சொன்னவன் நான். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணன்" என்றேன். தட்டு கனமாக இருந்தது, வாங்கிக்கொண்ட கைகள் என் கைகளைவிடக் காய்த்துப்போயிருந்தன. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு என்னால் வேறு எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதே தெரியும். வருத்தம் வந்தது. அதைவிட அதிகமாக ஒரு அசதி வந்தது, நீளமான பயணம் முடிந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

இரண்டு வாரம் கழித்துக் கல்யாணம். மலைமேல் இருக்கிற ஒரு சின்ன முருகன் கோவிலில், காலை ஒன்பது மணிக்கு. மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். மாலையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட்டார். டீச்சர் குனிந்த தலையோடு இருந்தார். நாடகத்தில் அவருக்கு நாலைந்து தடவை கல்யாணம் ஆகியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வெட்கப்படுகிற மாதிரி நடிப்பார். அன்று வெட்கப்படவில்லை. கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து பந்தியில் சாப்பிட்டோம். மேனேஜரும் வந்திருந்தார். வடையைப் பிட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் பென்னாகரத்துல ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கேன். டீச்சர் வேசத்துக்கு யாரப் புடிக்கிறதுன்னு தெரியல. நீ இருக்கியில்ல?" என்றார். நான் இருக்கப்போவதில்லை என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

மச்சானுக்கு என்று வேட்டி துண்டை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சொல்லிக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் மாட்டுக் கொட்டகை வரைக்கும் கூட வந்தார். புதுத் தாலிச் சரடு, மஞ்சள் காயாதது. "அண்ணா" என்றார். முதல் தடவை. பழக்கமில்லாத சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல நிறுத்தி, மறுபடியும் சொன்னார். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். ஆடிக்கு என்னைய எங்க கூப்புடுவீங்க?"

எனக்குப் புரியவில்லை. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதம் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போவது வழக்கம். அது தெரியும். ஆனால் தட்டு மாற்றியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மேடையை விட்டு இறங்கியதும் வேஷத்தைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது போல.

"நாத்தனாரு கேட்டாங்க. ஆடிக்கு அண்ணன் வூட்டுக்குப் போவியான்னு. போவேன்னு சொல்லிட்டேன். எந்த ஊருன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லல" என்றார். கொட்டகையில் ஒரு மாடு தலையை ஆட்டியது, மணி குலுங்கியது. "இவங்க நல்லவங்களாத்தான் தெரியுது. ஆனா ஒரு நாளு எனக்கு மனசு கசந்துச்சுன்னா, ரெண்டு நாளு போய் ஒக்காந்துட்டு வர எனக்கு ஒரு வாசப்படி வேணும். அது இல்லாத பொம்பளைய எப்படி நடத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அண்ணன் கேட்டேன். பாயில ஒக்கார மட்டும் கேக்கல."  அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். முதல் தடவை வசனம் சொன்னேன். இரண்டாவது தடவை இடமில்லை என்றேன். இது மூன்றாவது. "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை பைக்கில் பின்னால் வந்தார்.

பாப்பாரப்பட்டியில் பஸ் பிடித்து தருமபுரி வந்து, அங்கிருந்து மொரப்பூர் வந்தேன். மொரப்பூருக்கு வந்தது வேறு எதற்கும் இல்லை, தருமபுரியைவிட அங்கே அதிக ரயில் நிற்கும். ஒரு இடத்தை விட்டால் முதலில் வருகிற ரயிலில் ஏறுவது என் பழக்கம், அது எந்தப் பக்கம் போனாலும் சரி. பிளாட்பாரத்திலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. பெட்டி காலியாகத்தான் இருந்தது, ஜன்னலோரம்கூட இடம் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆடி பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிப் போன பிறகு குழாயில் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

டீக்கடையில் விசாரித்தபோது, நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழிப்பண்ணையில் ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். குடும்பத்தோடு இருந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம். நடந்தே போனேன். பண்ணைக்காரர் காலில் கோழித் தீவனத் தூசியோடு நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயதில் தனியாக வேலை கேட்டு வருகிறவனை யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எத்தன நாளைக்கி இருப்ப? குஞ்சு எறக்கினா, வளந்து கோழி புடிக்கிற வரைக்கும் நவுரக் கூடாது. பாதியில வுட்டுட்டுப் போற ஆளு எனக்கு வேணாம்."

"போவ மாட்டேங்க" என்றேன். "தங்கற ரூம்புக்குக் கதவு இருக்குதுங்களா?"

அவர் சிரித்தார். "கதவு இல்லாம ரூம்பா? சோறு தண்ணியெல்லாம் கேப்பாங்க, கதவக் கேக்கறவன இப்பத்தான் பாக்கறேன். யாரு வரப்போறா உன்னத் தேடிக்கிட்டு? குடும்பம் இருக்கா?"

"ஒரு தங்கச்சி இருக்குதுங்க. பாப்பாரப்பட்டி பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. ஆடிக்கு வரும்."

அறை கொட்டகைக்குக் கிழக்கே இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு ஜன்னல். முன்பு இருந்தவர்கள் சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அதை அழிக்கவில்லை. கோழி நாற்றம் இருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அன்று மத்தியானம் குஞ்சு வருவதாக இருந்ததால் உடனே வேலையில் இறங்கச் சொன்னார்கள். கொட்டகைத் தரை முழுக்க நெல் உமியைக் கொட்டி ஒரே மட்டமாகப் பரப்ப வேண்டும். மூன்று மூட்டை பரப்பியதும் வெளியே வந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "சொல்லுங்க மச்சான், அவளக் கூப்புடட்டுமா?" என்றார். வேண்டாம், அக்காவிடம் கொடுங்கள் என்றேன். அந்த அம்மா எடுத்ததும் ஊர்ப் பேரைச் சொன்னேன், எந்த பஸ்ஸில் ஏறி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரியாகச் சொன்னார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலாவது மூட்டையைப் பிரித்தேன்.